பசறைச் சந்தையில் வாங்கிய அரிவாள்

காலை ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது சாக்கில் சுற்றிய அரிவாள். அதைக் கொண்டுவந்தவர் பதுளையில் துணிக்கடை வைத்திருந்தவர், என்னைப் போலவே பழைய கத்திகள் சேர்ப்பவர். முந்தின நாள்தான் மாற்றிக்கொண்டோம். பசறைச் சந்தையில் நான் வாங்கிய இந்த அரிவாள் அவருக்கு. வெள்ளிப் பிடி போட்ட அவருடைய கண்டிக் கத்தி எனக்கு. அதற்காக இரண்டு வருஷம் அவரைச் சுற்றி வந்திருந்தேன்.

அரிவாளைத் தரையில் வைத்தார்.

"முனையப் பாருங்க."

நுனியருகே கறுப்பாக ஒரு கறை. துரு என்று நினைத்திருந்தேன்.

"எலுமிச்சம்பழம் குத்தி வச்ச கறைங்க. இது சாமி அருவா. எவனோ முனியாண்டி கோயில்ல புடுங்கி வித்திருக்கான். பேப்பருக்கு எழுதுறவரு, ஒரு வார்த்த கேக்காமயா வாங்குனீங்க?"

கண்டிக் கத்தியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"அத யாரு கேட்டா? மாத்துனது மாத்துனதுதான். சட்டயப் போடுங்க, இதக் கொண்டுபோயி வைக்கணும்."

பசறை ரோட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாக விசாரித்து நடந்தோம். மூன்றாவது தோட்டத்தில் கங்காணி அரிவாளை அடையாளம் கண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார். "தெரியலைங்க. எங்க கைக்கு வந்துச்சு, கொண்டாந்துட்டோம்."

'எங்க' என்ற அந்தச் சொல்லுக்கு இன்றும் நான் நன்றியுள்ளவன்.

கங்காணி அரிவாளைச் சாமி முன்னால் ஊன்றினார். நாங்கள் திரும்பும்போது மாலையாகிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள், துணிக்கடைகளில் மாதத்திலேயே அதிகம் வியாபாரம் நடக்கும் நாள்; அவர் கடை நாள் முழுவதும் பூட்டியிருந்தது.