துப்பத் தெரிந்தவர்

மாப்பிள்ளைக்கு என் மகள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நிறம், உயரம், சொந்த வீடு எதையும் அவள் கேட்கவில்லை. “குடிக்காத ஆளா இருந்தா போதும்மா. அத மட்டும் நீ பாத்துட்டு வா. நீ சரின்னா சரி” என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவள். நான் பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் இந்த விஷயத்தில் என் வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. அவளுடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அவர் வாசற்படி ஏறுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தப் படிப்புக்குக் காலேஜ் இல்லை.

தானே புயலுக்கு முந்தின வருஷம் சிதம்பரத்தில் ஒரு இடம் வந்தது. பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்தவன், பாண்டிச்சேரியில் பெரிய ஓட்டலில் வேலை என்றார் தரகர். ஓட்டல் எனக்குப் பிடித்திருந்தது, பாண்டிச்சேரி பிடிக்கவில்லை. கடலூர்க்காரர்கள் எதற்குப் பாண்டிச்சேரிக்குப் போகிறார்கள் என்று கடலூர்க்காரிக்குத் தெரியாதா? போகும்போது நிமிர்ந்து போவார்கள். வரும்போது பக்கத்து சீட்டுக்காரன் தோளில் வருவார்கள்.

பையன் வீட்டைப் பார்த்துவர நானும் என் அண்ணனும் கிளம்பினோம். பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். முட்லூர் தாண்டுகிற வரைக்கும் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். சம்பந்தம் முடிவாகிற வரை பையன் வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டாலும் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும்.

“கேசரி வப்பாங்க, பஜ்ஜி வப்பாங்க. நீ பாட்டுக்கு வாயத் தொறந்துடாத. அப்பறம் எடம் புடிக்கலன்னு சொல்ல முடியாது” என்றார்.

“எனக்கு என்னா நாக்கு அலையுதா? நீ ஒழுங்கா இருந்தா போதும்” என்றேன்.

வீடு சுத்தமாக இருந்தது. பையனின் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் இரண்டு கையையும் தூக்கித் தடுத்துவிட்டார்.

“மன்னிச்சிக்கம்மா. பேச்சு முடியிற வரைக்கும் நாங்க தண்ணி கூடத் தொட மாட்டோம்.”

பிறகு பையனைப் பார்த்து, “ஓட்டல்ல இன்னா வேல தம்பி? டிபன் பக்கமா, சாப்பாட்டுப் பக்கமா?” என்று கேட்டார்.

அந்த அம்மா முந்திக்கொண்டு, “ஆபீஸ் மாதிரி தாண்ணே” என்றார்.

பையன் அம்மாவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். “ஒயின் ருசி பாத்து, எது நல்லாருக்குன்னு எடுத்துக் குடுக்குற வேல மாமா” என்றான்.

நான் புடவையை உதறிக்கொண்டு எழுந்தேன். குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

“ஒரு நிமிஷம் உக்காருங்க அத்தை. என்னா செய்யிறேன்னு பாத்துட்டு அப்பறம் போங்க” என்றான் பையன். குரலில் கெஞ்சல் இல்லை. அதனால் உட்கார்ந்தேன்.

உள்ளே போய் ஒரு பாட்டிலும், காம்பு வைத்த கண்ணாடிக் கிளாசும், ஒரு பிளாஸ்டிக் மக்கும் எடுத்து வந்தான். கிளாசில் கொஞ்சமாக ஊற்றினான். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை விடக் கறுத்த சிவப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், சுழற்றினான், மூக்கைக் கிளாசுக்குள் விட்டு மோந்தான். பிறகு ஒரு வாய் இழுத்து, பல்வலிக்கு உப்புத்தண்ணீர் கொப்பளிப்பது போல உருட்டினான். அடுத்தது முழுங்குவான் என்று பார்த்தால் மக்கில் துப்பிவிட்டான்.

அண்ணனுக்கு நெஞ்சு பதறிவிட்டது. “அடப்பாவி, இன்னா தம்பி துப்பிட்ட!”

“துப்பணும் மாமா, அதான் வேல. இது நல்ல ஒயின். பழ வாசன தூக்கலா இருக்கு. பாடி ஜாஸ்தி.”

“பாடியா? எந்த பாடி?” அண்ணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கனம் மாமா. வாயில நிக்கிற கனம்.”

“குடு, நானும் பாக்குறேன். பொண்ணு குடுக்குற எடம், எதையும் சோதிக்காம வுடக் கூடாது” என்று கிளாசை வாங்கினார் அண்ணன். சோதித்தார். மக்கை நீட்டினால், “வந்த எடத்துல துப்புறது மரியாதையா?” என்றார். முதல் வாயில் கனம் சரியாகப் பிடிபடவில்லை என்று இன்னொரு தடவை சோதித்தார்.

பையனின் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. “அண்ணன் கை நனைச்சிட்டாரு அண்ணி! நான் போயி கேசரி எடுத்தாரேன்.”

“அவரு நனைச்சது வாய. கையி காஞ்சிதான் கெடக்கு” என்றேன்.

பிறகு பையனிடம் கிளாசைக் கேட்டு வாங்கினேன். அண்ணன் கண்ணை விரித்தார். நான் கவலைப்படவில்லை. என் வாழ்க்கையைத் தின்ற சாமான், அதன் ருசி என்னவென்று எனக்கும் தெரிய வேண்டாமா? ஒரு வாய் எடுத்தேன். முதலில் பழம்தான். அப்புறம் ஒரு துவர்ப்பு வந்து நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டது. மக்கில் துப்பினேன்.

“நாவப்பழத்தக் கொட்டையோட கடிச்ச மாதிரி இருக்கு” என்றேன்.

“சரியாதான் சொல்றீங்க அத்தை. எங்க ஓட்டல்ல பிளம்சுன்னு சொல்லுவோம்.”

“அது என்னா எழவோ, எனக்குத் தெரியாது. ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு தம்பி. வாயில வச்சதுக்கு அப்பறம் முழுங்கணும்னு தோணாதா?”

அவனுடைய அம்மா கண்ணால் ஜாடை காட்டினார். அவன் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தான்.

“தோணும் அத்தை. அதனாலதான் மக்கப் பக்கத்துலயே வச்சிக்கிறேன்.”

என் புருஷன் தெருவே நாறுகிற நாளில்கூட, “சத்தியமா நான் தொடல” என்று பிள்ளை தலையில் அடிக்கப் போவார். எனக்கு அந்தச் சத்தியங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. குடிக்கவே மாட்டேன் என்று இந்தப் பையன் சொல்லியிருந்தால் நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

“மாப்பிள்ள, அந்தச் செம்புத் தண்ணிய எடுங்க. கை கழுவணும்” என்றேன்.

தம்பி மாப்பிள்ளை ஆனது முதலில் அந்த அம்மாவுக்குத்தான் புரிந்தது. கேசரித் தட்டு ஓடி வந்தது. நெய்யும் சர்க்கரையும் தொண்டையில் அடைத்தன.

“எப்படி இருக்கு அண்ணி?”

“பாடி ஜாஸ்தி” என்றேன். மாப்பிள்ளை அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மகளிடமிருந்து போன் வந்துவிட்டது.

“குடிப்பாராம்மா?”

“வாயில ஊத்துவாரு. துப்பிடுவாரு.”

“இது என்னாம்மா பதிலு?”

“வூட்டுக்கு வந்து சொல்றேன். எனக்கு சரி. நானே கை நனைச்சிட்டேன்.”

“மாமா என்னா சொல்றாரு?” என்றாள்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் என் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டோரம் நாவல் பழம் தின்ற மாதிரி கறுப்பு.

“மாமாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு” என்றேன்.