காஷிக்கு மருந்து

மருந்துக் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: வருகிறவருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிப்பதைவிட, யாருக்கு வியாதி என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

காசி யாத்திரை

தொண்ணூறுகளில் கல்கத்தாவில் கிடர்பூர்க் கடையில் சேர்ந்த புதிதில் எனக்கு வங்க மொழி அரைகுறை. ஒரு பெரியவர் வந்து "காஷி, காஷி" என்றார். காசிக்கு வழி கேட்கிறார் என்று நினைத்து, ஹவுராவில் போய் ரயில் ஏறச் சொன்னேன். வங்க மொழியில் காஷி என்றால் இருமல் என்று முதலாளி கோஷ் பாபு தலையில் அடித்துக்கொண்டு, சிரப்பை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன்கிட்ட மருந்து வாங்கினா, கடைசியில் காசிக்குத்தான் போகணும்!"

போர்டு

போகப் போக, இருமாமலே 'காஷி' என்பவர்கள் அதிகமானார்கள். அபின் வகை மருந்து சேர்ந்த சிரப் ஒன்று உண்டு. நிறையக் குடித்தால் கிறக்கம். நம் ஊர்க்காரி செல்வி அதைப் புருஷனுக்காக வாங்க வருவாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், முதுகுவலிக்கென்று தொடங்கி அதிலேயே விழுந்துவிட்டான்.

பிறகு அரசாங்கக் கெடுபிடி வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்று கோஷ் பாபு போர்டு மாட்டினார். நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. வெறுங்கையோடு போன செல்வி மறுநாள் உதடு கிழிந்து வந்து நின்றாள். கொடுத்தால் அவன் கெடுவான், கொடுக்காவிட்டால் இவள் உதைபடுவாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அலமாரிக்கும் கவுன்டருக்கும் நடந்துகொண்டே, போர்டைக் காட்டினேன். "அவருக்குப் படிக்கத் தெரியும்ணே. இதைக் கழட்டிக் குடுங்க, வீட்ல மாட்டிக்கிறேன்" என்றாள்.

வறட்டு இருமல்

அடுத்த வாரம் சீட்டோடு வந்தாள். அதில் 'நோயாளி: செல்வி, வறட்டு இருமல்' என்று டாக்டர் கையெழுத்தோடு இருந்தது. கோஷ் பாபுவுக்குத் திருப்தி. அவரே சிரப்பை எடுத்து வைத்தார். நான் செல்வி பக்கம் திரும்பினேன்.

"உனக்கு எப்பம்மா இருமல் வந்தது?"

"டாக்டர் முன்னாடி மட்டும்தாண்ணே. வீட்ல இருமினா அதுக்கும் அடிப்பாரு."

"பேசாம ஊருக்குப் போயிடும்மா. நானே ஹவுராவுல ரயிலேத்தி விடறேன்" என்றேன். அவள் முழங்கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"போகலாம்ணே. முதல்ல அந்த வீக்கத்துக்குத் தடவற களிம்பைக் குடுங்க."

எத்தனையோ கெடுபிடி பார்த்த எங்கள் கடையில், அந்தக் களிம்புக்கு மட்டும் இன்றுவரை யாரும் சீட்டுக் கேட்டதில்லை.