ஆள் வருது

கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிப்பதில் தென்றலை மிஞ்ச ஆள் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில், அதாவது முதல் நிறுத்தத்திலேயே ஏறுகிறவளுக்கு அதில் என்ன சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். தனக்கு இடம் பிடிக்க ஒன்றும் வேண்டாம்தான். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து, ஸ்ரீபெரும்புதூரில் காவேரி ஏறும்வரை அதைக் காப்பாற்றுவதுதான் வித்தை. யார் கேட்டாலும் "ஆள் வருது" என்பாள். நாலு வருஷம் ஆள் வந்தது.

இருவருக்கும் வல்லம் வடகாலில் வேலை. கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்கிற கம்பெனி. தென்றல் வலது கண்ணாடி, காவேரி இடது. பின்னால் வருவதை ஊருக்கெல்லாம் காட்டுகிறவர்களுக்குத் தங்கள் முன்னால் வருவது தெரியவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனி கூடுதல் சம்பளம் தருகிறதென்று காவேரி தை மாதம் கிளம்பிப் போனாள். பை மட்டும் அந்த சீட்டை விடவில்லை.

"இன்னாம்மா, உன் பையும் ஷிஃப்டுக்கு வருதா?" என்று கேட்டுக்கொண்டே காந்திமதி அக்கா தினமும் பின் சீட்டுக்குப் போவாள். பாக்கிங் பிரிவில் மூத்தவள். கேலி பேச அவளுக்கு உரிமை உண்டு.

லைனில் மாஸ்க்குக்குள்ளேயே இருவரும் முணுமுணுத்த பாட்டுகளைப் பாடிய பாடகி சென்னைக்குக் கச்சேரி செய்ய வருகிறாள் என்று அறிவிப்பு வந்ததும், ஓசூரிலிருந்து குரல் வந்தது. "டிக்கெட் எடுடி. பக்கத்துப் பக்கத்துல. நான் வரேன்."

டிக்கெட் விற்பனை ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு. அந்நேரம் தென்றலின் கையில் வலது கண்ணாடி இருந்தது. போன் கம்பெனி கேட்டிலுள்ள லாக்கரில் இருந்தது. இரண்டரைக்கு ஷிஃப்டு விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தாள். உதிரி நாற்காலிகள் போக முப்பதாயிரம் டிக்கெட்டும் ஏழே நிமிடத்தில் தீர்ந்திருந்தன. எந்த லைனிலும் இந்த வேகத்தை அவள் பார்த்ததில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் செயலியைத் தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டு என்று அழுத்தினால் 'இல்லை' என்றது. ஒன்று என்று அழுத்தினால் எப்போதும் ஏதோ ஒரு மூலையில் ஒற்றை நாற்காலி இருந்தது, ஜோடிகளும் கூட்டாளிகளும் எடுத்ததுபோக மீந்தது. தனியாளுக்கு இந்த உலகத்தில் இடப்பஞ்சமே இல்லை.

"ஆளுக்கொரு மூலையா எடுக்கட்டுமாடி?"

"தனியா உக்கார ஓசூர்லேர்ந்து நான் எதுக்குடி வரணும்? இங்கியே நல்லாத்தான் தனியா உக்காந்துகினு கீறேன்."

கச்சேரி ஞாயிறு மாலை. அன்று விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு யாரோ ரத்து செய்திருக்க வேண்டும். இரண்டு நாற்காலி, ஒட்டினாற்போல் வந்தன. பல்கூடத் தேய்க்காமல் வாங்கிவிட்டுக் காவேரியை அழைத்தாள்.

"கெடச்சிட்ச்சுடி! ரெண்டு! பக்கத்துப் பக்கத்துல! இப்ப பஸ் ஏறினா மத்தியானம் வந்துரலாம்!"

அந்தப் பக்கம் ஒரு ஹார்ன் சத்தம் கேட்டது.

"பஸ்லதான்டி கீறேன். கம்பெனி பஸ்ல. இன்னிக்கு ராத்திரி பத்து வரைக்கும் ஓ.டி. எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன்டி குடுத்த?"

"கெடைக்காதுன்னு நெனச்சேன். ரூம்ல சும்மா உக்காந்திருந்தா அதையே நெனச்சிகினு இருக்கணுமே." பிறகு, "என் டிக்கெட்ட யார்னா கையில குடுத்துடு. வேஸ்ட் பண்ணாத" என்றாள்.

எழுதிக் கொடுத்தவள் வராவிட்டால் லைன் நிற்கும். சூப்பர்வைசர் என்ன பேசுவார் என்பது தென்றலுக்கும் தெரியும். சாயங்காலம் அவள் தனியாகவே கிளம்பினாள்.

மைதானத்தின் வாசலில் கல்லூரிப் பெண் ஒருத்தி கெஞ்சும் முகத்தோடு வழி மறித்தாள். "அக்கா, எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கா?"

"இல்லம்மா" என்ற பதில் இவ்வளவு சுலபமாக வந்தது தென்றலுக்கே ஆச்சரியம்.

காவலாளி அவளுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார். "காலிப் பையை எதுக்கும்மா தூக்கினு வர்ற?"

"பழக்கம்ணா."

பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள். முதன்முறையாக டிக்கெட் வாங்கிப் பிடித்த இடம். பாடகி மேடைக்கு வந்ததும் முப்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். பாதிப் பேர் நாற்காலிமேல் ஏறினார்கள். நம்பர் பார்த்து, அடித்துப்பிடித்து வாங்கிய நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. உட்கார்ந்து கச்சேரி கேட்டது அந்தப் பை ஒன்றுதான்.

"சிஸ்டர், பையைக் கொஞ்சம் எடுங்களேன். இதுமேல ஏறிக்கிறேன்" என்றாள் பின்வரிசைக்காரி.

"ஆள் வருது."

"இதுக்கப்புறமா?"

அவர்களுடைய பாட்டு வந்தபோது தென்றல் காவேரியை அழைத்துப் போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். ஓசூரில் அது ஒரு இரும்பு லாக்கருக்குள் அடிக்கிறது என்று தெரியும். மணி நிற்கும்வரை கையை இறக்கவில்லை.

'சூப்பரா இருந்துச்சாடி? பக்கத்துல யாரு?' என்று காவேரி அனுப்பியிருந்ததைத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில்தான் திறந்து பார்த்தாள். 'செம கூட்டம்டி' என்று பதில் போட்டாள். பிறகு பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீபெரும்புதூரில் காந்திமதி அக்கா ஏறினாள்.

"உக்காருக்கா."

"இன்னா, ஆள் வர்லியா?"

"வர்லக்கா."

"எனக்குப் பின்னால ஜன்னலாண்ட பழகிப்போச்சும்மா. நீ பையையே வெச்சிக்கோ."

பை மடியிலேயே இருந்தது. வல்லம் வடகால் வரைக்கும் அந்த சீட்டை யாரும் கேட்கவில்லை.