நீல விளக்கு எரிந்த அறை

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கேஸை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து ஒருதரம் பார்ப்பேன். அப்படிப்பட்டவளிடம் ஆஸ்பத்திரி நர்ஸ், "கிட்னி மாத்தின உடம்பும்மா, சின்னக் கிருமிகூட ஆகாது. அவர் வர்றதுக்குள்ள ரூமை சுத்தமா வெச்சிடுங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பக்கத்திலேயே நாத்தனார் நின்றார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. மாத்தூரில் மாடி வீடு.

"உன் வூட்ல கருவாட்டுக் கூடையும் பூனையும்தான் கீது. என் தம்பிய நான் இட்டுகினு போறேன்" என்றார்.

அதில் பொய்யில்லை. திருவொற்றியூர்க் குப்பத்தில் இரண்டே அறை, பிழைப்பு கருவாடு. ஆனாலும் என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று ராப்பகலாக நினைத்துக்கொண்டே இருக்கிறவள் நான்தானே!

மகள் போனில் தேடி ஒரு யூவி விளக்கு வரவழைத்தாள். அதிலிருந்து வரும் கதிர் பட்டால் கிருமி சாகுமாம். பெட்டியில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஆறாவதோடு நின்றவள், மகளைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். எரியும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். வெளிச்சம் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். நர்ஸையும் கேட்டேன். "துடைக்கறதுதான் முக்கியம், லைட்டு அதுக்கு மேலதான்" என்றார்.

வெளிச்சம் பட்ட இடத்தில்தான் என்றதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மணலில் காயும் மீனைத் திருப்பிப் போடாவிட்டால் அடிப்பக்கம் புழு வைக்காதா? கூடைகளைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினேன். சுவர், தரை, கட்டில் கால் எல்லாம் சோப்புத் தண்ணீர். காய்ந்த பிறகு விளக்கை ஒரு மூலையில் வைத்து எரியவிட்டேன், அப்புறம் எதிர் மூலையில். தலையணையைப் புரட்டினேன், நாற்காலியைக் கவிழ்த்தேன்.

"இன்னாம்மா, ரூமையே கருவாடு போடறியா?" என்று மகள் சிரித்தாள்.

சிரிக்கட்டும். பூனை வாசலில் படுத்திருப்பதைக் கண்ணால் பார்க்காமல் நான் ஸ்விட்சைத் தொட்டதில்லை.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் நாத்தனார் வந்துவிட்டார். கதவிடுக்கில் நீல வெளிச்சம்.

"இன்னாமே, உள்ள சினிமா ஷூட்டிங்கா?" என்று தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"அண்ணி, தொடாத! கண்ணு கெட்டுப்பூடும்!"

கல்யாணமான நாள் முதல் அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அவரும் திகைத்துப்போய்க் கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே இருந்த ஸ்விட்சில் விளக்கை அணைத்தேன். ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டேன். கை கழுவச் சொல்லித்தான் உள்ளே விட்டேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஃபேன் இறக்கையை விரலால் தடவினார். தலையணையை மோந்தார். வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டார்.

"நைனா, நீ உன் வூட்டுக்கே போ. ஆஸ்பத்திரி கணக்கா வெச்சிகீறா. என்னையே உள்ள வுட மாட்டன்றா உன் பொண்டாட்டி."

மறுநாள் என் வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தில் மாஸ்க். வாசலில் நின்றபடியே அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நம்ம வூடா இது?"

"நம்ம வூடுதான்யா. செருப்ப வெளிய வுட்டுட்டு வா."