சந்திரம்மா எழுப்பினால் எதிர்க் கட்டடம் எழும்

ஒக்கலிபுரத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டில் இருக்கும் சங்கமித்ராவைப் பற்றிச் சொல்கிறேன். பி.பி.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள். சொந்தமாகத் தொழில் செய்யும் ஆசை அவளுக்கு வந்தது போன வருட மழைக்காலத்தில். பஸ் நிறுத்தத்தில் நின்று குடைகளை வாடகைக்கு விட்டாள். ஐந்து குடைகள் போயின, ஏழு திரும்பி வந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளுடையது அல்ல.

"பாத்தீங்களா தாத்தா, நாப்பது பர்சென்ட் வளர்ச்சி!" என்றாள்.

ஏழில் ஒன்று என்னுடைய குடை. அதை அடையாளம் காட்டி வாங்கிக்கொண்டேன். வளர்ச்சி உடனே இருபதாகக் குறைந்தது.

அவளுடைய அம்மா சந்திரம்மாவுக்கு இந்த ஆசையில் நம்பிக்கை இல்லை. பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், அங்கேயே அலுவலகத்தில் மகளுக்கும் ஓர் இடம் பேசி வைத்திருந்தார். ஆனால் கல்லூரியில் தொழில்முனைவு என்று ஒரு பாடம் இருந்தது. நிஜமான வாடிக்கையாளர்களை வைத்து நிஜமாகவே ஒரு தொழிலை நடத்திக் காட்ட வேண்டும்.

"அதுல பாஸ் பண்ணிட்டா உன் இஷ்டம். இல்லேன்னா ஜூன்லேர்ந்து எங்கூட கம்பெனி வேன்ல ஏறணும்" என்று சந்திரம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

என்ன தொழில் செய்வது என்று சங்கமித்ரா யோசித்துக்கொண்டிருந்தபோது, சந்திரம்மா ஒரு கிரகப்பிரவேசத்துக்காகக் கோலாருக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டார். அந்த நான்கு நாளும் எங்கள் எதிரே இருக்கும் பி.ஜி. என்னும் ஆண்கள் விடுதியில் ஒருவரும் நேரத்துக்கு வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் அங்கிருந்து ஹரிஷ் என்ற பையன் வந்தான். சேலத்துக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"ஆன்ட்டி எப்ப வருவாங்க? ரெண்டு மீட்டிங் போச்சு. மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுக்கறாரு."

விஷயம் இதுதான். சங்கமித்ராவின் கட்டில் தெரு ஜன்னலை ஒட்டி இருக்கிறது. அவளை எழுப்ப சந்திரம்மா தினமும் போடும் சத்தம் ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டி மூன்றாம் மாடி வரை போகும். பக்கத்தில் ஓடும் ரயில் சத்தத்துக்கு அசையாத பையன்கள் அதற்கு அசைவார்கள். அலாரம் என்றால் தூக்கத்திலேயே கை அணைத்துவிடும். சந்திரம்மாவை அணைக்கப் பொத்தான் கிடையாது.

எழுப்பிவிடுவதையே தொழிலாக்கி, சங்கமித்ரா அன்று மாலையே எட்டுப் பேரை மாதச் சந்தாவில் சேர்த்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து காலை ஐந்துக்கே தானாக எழுந்து, குளித்து, தலை சீவி, முதலாளியாக வாசலில் நின்றாள். இரவே ஊர் திரும்பியிருந்த சந்திரம்மாவும் மறுக்கவில்லை. வாடிக்கையாளர் என்று கேட்டதும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து, மாடியை அண்ணாந்து பார்த்து மெல்லக் கூப்பிட்டார்.

"ஹரிஷ் தம்பி, எழுந்துட்டீங்களாப்பா? தொந்தரவா நெனச்சுக்காதீங்கப்பா. மெதுவா வாங்க, அவசரமில்ல."

ஒரு விளக்கும் எரியவில்லை. கனவில் யாரோ தாலாட்டுப் பாடியதாகவும், அதனால் இன்னும் நன்றாகத் தூங்கியதாகவும் ஹரிஷ் பின்னால் சொன்னான்.

"அம்மா, நாலு வார்த்தை திட்டும்மா. அதுக்குத்தான் சேர்ந்திருக்காங்க" என்று சங்கமித்ரா கெஞ்சினாள்.

"அடுத்தவங்க பெத்த புள்ளைங்கள நான் எப்படிடி திட்டுவேன்? நாக்கு வருமா?"

"அப்ப என்னையாவது திட்டு!"

"நீதான் குளிச்சிட்டு நிக்கறியே, உன்ன எதுக்குத் திட்டணும்?"

அந்த வாரம் எங்கள் தெரு வெகு அமைதியாக இருந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர் விலகினார்கள். மீதி மூன்று பேர் விலகல் செய்தியை அனுப்பும் அளவுக்குக்கூட விழித்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் வந்து தொழிலை நேரில் பார்ப்பதாக அவளுடைய ஆசிரியை ஷோபா சொல்லியிருந்தார். சொன்னபடி வந்தார். சந்திரம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். அன்றைக்கு ஹரிஷை "சார்" என்றே கூப்பிட்டார். பி.ஜி. இருட்டாகவே இருந்தது.

"உங்க சர்வீஸ் எங்கம்மா?" என்று ஷோபா கேட்டார்.

"ரெண்டே நிமிஷம் மிஸ்" என்று சொல்லிவிட்டு சங்கமித்ரா உள்ளே போனாள். தலை துவட்டிய ஈரத் துண்டைக் கட்டில் மேல் எறிந்தாள். போட்டிருந்த சுடிதாரோடு படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

சந்திரம்மா அவளைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். பிறகு ஆரம்பித்தது.

"ஏண்டி! மிஸ்ஸு வாசல்ல நிக்கறாங்க, நீ வெட்டிச் சாச்ச வாழமரமாட்டம் கெடக்கற! சூரியன் வந்து உனக்குக் காப்பி போட்டுக் குடுக்கணுமா? ஈரத் துண்ட கட்டில்ல போட்டது யாரு, உங்கப்பனா? முதலாளியாம் முதலாளி! எந்த ஊர்லடி முதலாளி பட்டப்பகல்ல இழுத்துப் போத்தித் தூங்கறான்? எழுந்திரு, எழுந்திருடி எரும!"

முதல் மாடியில் விளக்கு எரிந்தது. பிறகு இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. ஷோபா தம்மை அறியாமல் நிமிர்ந்து நின்றார். ஹரிஷ் வாயில் பிரஷ்ஷோடு பால்கனிக்கு ஓடி வந்தான்.

"எழுந்துட்டேன் ஆன்ட்டி! துண்டையும் காயப் போட்டுட்டேன்!"

சந்திரம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். எல்லா மாடியிலும் வெளிச்சத்தைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா மிஸ்? மரியாதையா கூப்ட்டா எல்லாரும் எப்படி எழுந்துக்கறாங்க! இவகிட்டதான் மரியாதை செல்லாது."

ஷோபா சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கேயே மதிப்பெண்ணைப் போட்டார். ஜூனில் பீன்யா வேனில் சந்திரம்மா மட்டுமே ஏறினார்.

தொழில் இப்போது நன்றாக நடக்கிறது. சங்கமித்ரா ஐந்துக்கே விழித்து, போர்வைக்குள்ளேயே போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதி முடித்துவிட்டு, தூங்கத் தொடங்குகிறாள். சாதாரண நாட்களுக்கு அது போதும். யாருக்காவது முக்கியமான மீட்டிங் என்றால் ஈரத் துண்டு. திங்கட்கிழமைகளில் இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் வைக்கிறாள். பால் பாத்திரத்தை மூடாமல் விடுவது வெளியூர் விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு மட்டும்.

நேற்று காலை வேனுக்காக நின்றிருந்த சந்திரம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"தொழில் பண்றேன்னு சொல்லிட்டு இப்படித் தூங்கறாளே சார். இவ எப்படி முன்னுக்கு வருவா?"

"கவலைப்படாதீங்கம்மா. தூக்கத்துலதான் நல்லா வர்றா" என்றேன்.

ஜன்னலுக்குள் போர்வை குலுங்கியது.