இடக்கையால் ஆசி தரும் இயேசு

நான் இந்து. ஆனால் பழைய ஐரோப்பியக் கிறிஸ்தவ அச்சுப்படங்களைப் பற்றி என்னிடம் வாய் கொடுத்தவர்கள் லேசில் தப்பியதில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்ததே அதைப் படிக்கத்தான். அங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் தம்பதி இருந்தார்கள். எனக்கு அவர்கள் அக்கா, அண்ணை.

பாரிசவாதத்தில் அண்ணையின் வலக்கை விழுந்துவிட்டது. அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம். கோயிலுக்குப் புறப்படுமுன் தகப்பன் பெண்ணின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட வேண்டும். இடக்கையால் போடமாட்டேன் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். அக்கா சும்மா இருப்பாரா? பங்குக் கோயிலின் பழைய சாமான் விற்பனையில் ஒரு பழைய அச்சுப்படத்தைத் தேடிப்பிடித்து வந்து கூடத்தில் மாட்டினார். அதில் இயேசு இடக்கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார்.

கல்யாணத்தன்று காலை அந்தப் படத்துக்குச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

"அவரே இடக்கையாலதானே ஆசீர்வாதம் குடுக்கிறார். பாருங்கோவன்" என்றார் அக்கா.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர்தானே இதைப் படிக்கிறீர். உண்மையைச் சொல்லும். இது சரியான படமோ?"

அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார். எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வேன், என் பாடத்தில் சொல்லமாட்டேன்.

"இல்ல அண்ணை. இயேசு ஆசி குடுக்கிறது வலக்கையாலதான். செப்புத் தகட்டுல செதுக்கினா தாள்ல இடம் வலமா மாறி விழும். யாரோ ஒரு நல்ல படத்தைப் பார்த்து அப்படியே செதுக்கிட்டாங்க. கை மாறிடுச்சு."

அக்காவின் முகம் செத்துவிட்டது. நான் இன்னும் முடிக்கவில்லை. படத்தைக் கழற்றி அண்ணையின் மடியில் வைத்தேன்.

"இப்ப படத்துல இயேசுவோட காலடியைப் பாருங்க. தொட்டுத் தொட்டு மை போயிருக்கு, தாளே தேய்ஞ்சிருக்கு. இதை வச்சிருந்தவங்களுக்குக் கண் தெரியாமலா இருந்திருக்கும்? இந்தக் கைக்கு முன்னாலதான் கும்பிட்டிருக்காங்க."

அண்ணை அந்தத் தேய்ந்த இடத்தை இடக்கையால் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ளையை வரச்சொல்லும்" என்றார் அக்காவிடம்.

மணப்பெண் வந்து முழங்காலிட்டாள். அண்ணையின் இடக்கைப் பெருவிரல் நெற்றியில் மேலிருந்து கீழாக இறங்கியது. குறுக்குக்கோடு நடுங்கி வழி தவறியது. அவர் மறுபடியும் முதலிலிருந்து போட்டார். அவள் அசையாமல் இருந்தாள்.