சிவப்புக் குறி போட்ட மூடிகள்

பிளாஸ்டிக் டப்பா மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகுக்கண்ணு என்று பெயர். மயிரிழை விரிசல் என்றாலும் கண்டுபிடித்து, மூடியின் நடுவில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிடுவாள். குறி விழுந்த மூடி பின்சுவரைத் தாண்டிக் கால்வாயில் விழும். அதற்குப் பிறகு அது யார் தலைவலியோ, அவளுக்குத் தெரியாது.

ஒரு பெருமழையில் கால்வாய் அடைத்துக்கொண்டு, கரையோரம் இருந்த அக்கா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. உதவி செய்ய ஓடினாள். அடுப்படி, கட்டிலடி, எங்கும் மூடிகள் மிதந்தன. எல்லாவற்றிலும் சிவப்புக் குறி.

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "உன் கையெழுத்து அழகா இருக்குடி. வீடு முழுக்கப் போட்டிருக்கே."

"மச்சினிச்சி என்னைக்கு வெறுங்கையோட வந்திருக்கா?" என்றார் மச்சான்.

அவள் குனிந்து மூடிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றாள். "இனிமே கழிச்சத வெளிய போட வேண்டாம் சார்."

"அப்புறம் என் தலையிலயா கொட்டிக்கிறது?"

"மை படாம வச்சா, அரைச்சுத் திரும்ப உருக்கலாம். விரிசல் ஏன் வருதுன்னும் பாக்கணும். நான் பாத்ததே இல்ல."

மூடி வார்க்கும் அச்சு சரியாகக் குளிராததுதான் காரணம் என்று தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் கழிவு குறைந்தது, மூலப்பொருள் செலவும் குறைந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

அதை அக்காவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை இன்னும் போகவில்லை. அங்கே போனால், அதற்கு முதுகைக் காட்டியே உட்காருகிறாள்.